சுவருக்கு அந்தப் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு

உழவர்கரையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து எதுவார் என்பவர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சொல்தா வீடு என்று கேட்டால் சைக்கிளில் போகிறவன்கூட ஒரு காலை ஊன்றி நின்று கைகாட்டுவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களுக்குப் புதுச்சேரியில் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எதுவார் துப்பாக்கி பிடித்த நாட்கள் சொற்பம். சிக்னல் பிரிவில் ரேடியோ ரிப்பேர் வேலை. இருபத்திரண்டு வருஷமும் சால்டரிங் அயர்ன்தான் அவருக்கு ஆயுதம்.

அவருடைய சந்தேகத்துக்குப் பிறந்த தேதி உண்டு. 1986 ஏப்ரல் கடைசி. அப்போது பிரான்சின் கிழக்குக் கோடியில் முலூஸ் நகரத்தில் புதுக் குடித்தனம். மனைவி ஜொசியானுக்கு மூன்றாம் மாதம். ரஷ்யாப் பக்கம் அணு உலை ஒன்று வெடித்த செய்தி வந்தது. இங்கே பயமில்லை, அந்த மேகம் நம் எல்லைக்குள் வராது என்று டிவியில் சொன்னார்கள். எதுவார் நம்பவில்லை. வாந்தி எடுத்துக் களைத்துக் கிடந்த ஜொசியான் ஒரு வாய் பால் கேட்டாள். வாங்கி வைத்திருந்த பாலை அவள் கண்ணெதிரிலேயே தொட்டியில் ஊற்றினார். கீரை கிடையாது, வெண்ணெய் கிடையாது. பல வருஷம் கழித்து மேகம் வந்தது உண்மைதான், அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் மழையோடு இறங்கியது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு தடவை அவர் நினைத்தது சரியாகப் போயிற்று. அதுதான் அவரைக் கெடுத்தது.

அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர், காளான், மைக்ரோவேவ் அடுப்பு, பேங்க்கிலிருந்து வருகிற கடிதம் என எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் அவர் உள்ளே விட்டதில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னபோது ஜொசியான், "நீங்க போங்க. நான் கொஞ்ச நாள் எதையும் மோந்து பாக்காம சாப்பிடுறேன்" என்றாள். கொஞ்ச நாள் பதினெட்டு வருஷம் ஆயிற்று. விவாகரத்தெல்லாம் இல்லை. அவள் அக்கா இதே தெருவின் கோடியில்தான் இருக்கிறாள். எதுவார் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார் என்பதுவரை முலூசுக்குப் போய்விடும்.

அன்று வயிற்றில் இருந்தவள்தான் லேயா. இந்த டிசம்பரில் தன் பத்து மாதக் குழந்தை தெயோவைத் தூக்கிக்கொண்டு முதல் முறையாக அப்பா வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எதுவார் பேரனை போனில்தான் பார்த்திருக்கிறார்.

"பப்பா, வீட்டுல ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றாள் லேயா. "நாங்க வந்தப்புறம் பாலைத் தொடாதே, சுவத்துல சாயாதேன்னு ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த பிளைட்ல ஏறிடுவேன்."

"ஒண்ணும் இருக்காதும்மா. நான் முன்னாடியே அளந்து பாத்துடறேன்."

"பாத்தீங்களா? அளக்கப் போறேன்றீங்க!"

அளந்தார். கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கடையில் வாங்கினால் ஒரு மாத ஓய்வூதியம் போய்விடும். அவரே செய்தார். உள்ளே போக வேண்டிய குழாய் மட்டும் தபாலில் வந்தது. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், மெல்லிய உலோகம், எப்போதோ சோவியத்தில் செய்தது. கதிர் ஒன்று உள்ளே புகுந்தால் அதற்குள் ஒரு கணம் மின்சாரம் பாயும். அதற்கு நானூறு வோல்ட் கொடுக்க வேண்டும். வீட்டில் செத்துக் கிடந்த கொசு பேட்டைப் பிரித்து உள்ளிருந்த போர்டை எடுத்து, அது கக்கும் வேகத்தை நாலைந்து டயோடு வைத்து அடக்கினார். எண்ணுவதற்கு ஒரு மளிகைக்கடைக் கால்குலேட்டர். ஒன்று கூட்டல் என்று அழுத்திவிட்டு, சமக்குறிப் பொத்தானுக்கு அடியில் இரண்டு ஒயர் கொடுத்தால், குழாய் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் எண் ஒன்று ஏறும். கூடவே 'டிக்' என்று ஒரு சத்தம். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிட்டது.

சோதித்துப் பார்க்க, பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பழைய கடையில் தூசி படிந்து கிடந்த பெட்ரோமாக்ஸ் மேன்டில் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அந்தக் காலத்து மேன்டிலில் தோரியம் இருக்கும். சும்மா வைத்தால் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. மேன்டிலைப் பக்கத்தில் கொண்டுபோனால் நூற்றைத் தாண்டியது. கருவி பொய் சொல்லவில்லை. வீடு முழுக்க அளந்து கர்னேயில், அதாவது பட்டாளத்துப் பழக்கத்தில் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் சின்ன நோட்டில், எழுதினார். கூடம் இருபத்திமூன்று. அடுக்களை இருபத்தொன்று. பின் அறை இருபத்திரண்டு. தெயோவுக்குப் பின் அறைதான் என்று தொட்டில்கூடச் செய்யச் சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சும்மா இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பின் அறைச் சுவரில் நானூற்றுப் பன்னிரண்டு.

பேட்டரியை மாற்றினார். நானூற்று ஏழு. கூடத்துக்கு எடுத்துப் போனார். முப்பது. திரும்பப் பின் அறை. டப்பா நெருப்பில் போட்ட கடுகு மாதிரிப் பொரிந்தது.

அந்தச் சுவர் பொதுச்சுவர். அந்தப் பக்கம் குடியிருப்பவன் கமலக்கண்ணன், தெருமுனையில் காயலாங்கடை வைத்திருப்பவன். எதுவாருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் தேவைப்படவில்லை. உடைத்த இரும்போடு இரும்பாக ஏதோ ஆஸ்பத்திரி மிஷின் வந்திருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலோ தெரிந்தோ வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

வீட்டு வேலைக்கு வரும் செந்தமிழ்ச்செல்வியிடம் மெல்ல வாயைக் கிளறினார்.

"பக்கத்து வீட்டுல என்ன, பொண்ணு சத்தமே காணோம்?"

"அபியவா? வியாழக்கெழமையே காலாப்பட்டுல அத்த வூட்டுக்கு அனுப்பிட்டாங்க மிசியே. அவ அம்மா சுமலதாக்கு அம்மை போட்டிருக்குது. வாசல்ல வேப்பிலை சொருவி இருக்குதே, பாக்கல?"

குழந்தையை மட்டும் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறான். எதுவார் கர்னேயில் குறித்துக்கொண்டார். அன்று ராத்திரியே அடக்கமாட்டாமல் லேயாவிடம் நானூறு என்று சொல்லியும்விட்டார்.

"ஒரு வாரம் டைம், பப்பா. அதுக்குள்ள சரியாகலைன்னா டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவேன்" என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அந்த வீட்டிலிருந்து நெத்திலி வறுக்கும் வாசனை வந்தது. எதுவார் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். கோயிலுக்குப் போகிறவர்களோ சர்ச்சுக்குப் போகிறவர்களோ, எந்த வீடானாலும் அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் காய வைக்கமாட்டார்கள், கடுகு தாளிக்கமாட்டார்கள். கவிச்சி என்கிற பேச்சே இல்லை. அப்படியானால் வேப்பிலை பொய். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொருகிய வேப்பிலை. எந்த ஊர்க்காரனுக்கும் அதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்க மனம் வராது என்று கணக்குப் போட்டுச் சொருகியது.

மறுநாள் டப்பாவைத் துணிப்பையில் போட்டு, விற்பதற்கு என்று ஒரு பழைய மிக்சியையும் தூக்கிக்கொண்டு காயலாங்கடைக்குப் போனார். இரும்புக் குவியலைச் சுற்றி மூன்று தடவை நடந்தார்.

"என்னா மிசியே, பையில கோழி எதனா வெச்சிருக்கீங்களா? டிக்கு டிக்குன்னு கொத்திக்கினே இருக்குது" என்றான் கமலக்கண்ணன்.

"கடிகாரம்."

"நல்ல கடிகாரம். நேரம் ஓடுற ஓட்டத்துக்கு அது ஓடலியே, நின்னு நின்னு ஓடுது."

பையை விரித்துப் பார்த்தார். நிமிஷத்துக்கு இருபத்திநாலு. கடையில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் அது வீட்டுக்குள்தான், என்று முன்னைவிட உறுதியாக வீடு திரும்பினார்.

சனிக்கிழமையிலிருந்தே தினமும் காலை எட்டு மணிக்கு அளந்துகொண்டிருந்தார். முந்நூற்று அறுபத்தொன்பது. முந்நூற்று இருபத்தைந்து. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. இருநூற்று அறுபது. குறைந்துகொண்டே வந்தது. ஆள் உஷாராகிவிட்டான், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்துகிறான் என்று எதுவாருக்குப் பட்டது. முழுசாகப் போவதற்குள் பிடிக்க வேண்டும். உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினார். பிரெஞ்சுக்காரனிடம் கற்ற முறை, வாய்ப்பேச்சுக்கு முன்னால் காகிதம், காகிதமென்றால் இரண்டு பிரதி. எட்டு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவனிடம் சுவர் ஓரம் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பிரதியைச் சட்டைப்பையிலும் டப்பாவைக் கையிலும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். மனு போவதற்கு முன் அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

கமலக்கண்ணன் ஒருக்களித்துத் திறந்தான். "வூட்ல அம்மை போட்டிருக்குது மிசியே. உள்ள வரக் கூடாது."

"அம்மை போட்ட வீட்ல நெத்திலி வறுப்பாங்களா?"

அவன் முகம் மாறியது. "எங்க வூட்டுச் சட்டிய மோந்து பாக்குறதுக்குத்தான் பிரான்சுல பென்சன் குடுக்குறாங்களா?"

"பேச்சை மாத்தாதே. நாளைக்கு இந்த மனு கலெக்டர் ஆபீசுக்குப் போவுது. பின் ரூம்ல என்ன வெச்சிருக்கே? எங்க எடுத்த சாமான் அது?"

"என்ன சாமான்? ஐயோ, கெளம்புங்க மிசியே, வாயைக் கிளறாதீங்க..."

"வுடு. அவர் கண்டுபுடிச்சிட்டாரு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

சுமலதா பின் அறை வாசலில் நின்றாள். முகத்தில் ஒரு அம்மைக் கொப்புளம்கூட இல்லை. எதுவார் ஓரடி உள்ளே வைத்தார்.

"அங்கயே நில்லுங்க ஐயா. கிட்ட வராதீங்க. நானும் வர மாட்டேன்."

அவர் கையிலிருந்த டப்பா வேகம் பிடித்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"அதுல அடிக்கிறது நாந்தான்" என்றாள். "வூட்ல சாமானும் இல்ல, ஒண்ணும் இல்ல. தைராய்டுக்கு மருந்து குடுத்தாங்க. ஒரே மாத்திரை. அதுல கதிர் இருக்குதாம். மூணு வாரம் கொழந்தைங்க பக்கத்துல போவாத, தனித் தட்டு, தனிப் படுக்கைன்னு சொல்லி அனுப்புனாங்க."

கமலக்கண்ணன் அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினான். எதுவார் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தேதி பார்த்தார், முத்திரை பார்த்தார், திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு கூச்சமே இல்லாமல் சொன்னார்:

"நாலு அடி பின்னால போம்மா."

போனாள். சத்தம் தளர்ந்தது.

"முன்னால வா."

வந்தாள். சத்தம் ஏறியது.

"கரகம் ஆடச் சொல்லுவாரு போலருக்குது" என்றான் கமலக்கண்ணன்.

எதுவார் காதில் அது விழவில்லை. கர்னேயின் எண்கள் மனத்துக்குள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், படிக்கட்டு மாதிரி இறங்கிய எண்கள். எந்தத் திருடனும் இவ்வளவு ஒழுங்காகக் கடத்தமாட்டான். தானே அடங்குகிற பொருள்தான் அப்படி அடங்கும். ரேடியோக்காரர் முதல் நாலு எண்ணிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். சந்தேகம்தான் அவருக்குப் பதிலாகக் கணக்குப் போட்டிருந்தது.

"நேராச் சொல்றதுக்கு என்ன? எதுக்கு வேப்பிலை?" என்றார்.

"அங்கன்வாடியில முப்பது புள்ளைங்களுக்கு நான் சோறாக்குறேன் ஐயா. அம்மைன்னு சொன்னதும் லீவு குடுத்துட்டாங்க, ஒரு கேள்வி இல்ல. கதிருன்னு சொன்னா கேன்சர்னுதான் கெளப்புவாங்க. மூணு வாரம் கழிச்சு எல்லாம் போயிடும்னு டாக்டரே சொல்லட்டும், நான் ஆக்குன சோத்தை எவ தன் புள்ளைக்கு ஊட்டுவா?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நெத்திலி வறுத்தது தப்புதான். அஞ்சு நாளா ஒரு ரூம்ல கெடந்து நாக்கு செத்துப் போச்சு. அந்த லெட்டரைக் குடுத்துடுங்க."

எதுவார் கொடுத்தார். பிறகு, "இன்னொரு காப்பி வீட்டுல இருக்குது" என்றார்.

"அதையும் எடுத்தாங்க."

எடுத்து வந்து கொடுத்தார். யாரிடமும் சொல்வதில்லை என்று கமலக்கண்ணன் கேட்டு வாங்கிய வாக்கையும் கொடுத்தார். அட்டையில் இருந்தபடி இன்னும் பதின்மூன்று நாள். லேயா வருவது அதற்கும் பத்து நாள் கழித்து. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையை லேயாவிடம் சொன்னால் அது ஜொசியானுக்குப் போகும். ஜொசியானுக்குப் போனால் மறுநாள் காலை தெருக்கோடியில் அவள் அக்கா வாசலுக்கு வந்துவிடும். அங்கிருந்து அங்கன்வாடிக்கு எத்தனை எட்டு?

இரவு லேயா வீடியோவில் வந்தாள். மடியில் தெயோ, வாயில் ஒரு துணிப் பொம்மையின் காது.

"என்னாச்சு பப்பா, அந்த நானூறு?"

"மிஷின்தான் தப்பும்மா. கொசு பேட்டுல செஞ்சதுதானே. வோல்டேஜ் ஏறிப் போய் தாறுமாறா எண்ணியிருக்குது. சரி பண்ணிட்டேன்."

லேயா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "நான் பொறந்ததுலேர்ந்து நீங்க தப்புன்னு சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. எதை மறைக்கிறீங்க?"

"எதையும் இல்ல."

"அப்ப இப்பவே பின் ரூம் சுவத்துல வெச்சுக் காட்டுங்க. ஒரு நிமிஷம். நான் பாக்குறேன்."

எதுவார் போனையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். நடையில் வலது பக்கம் திரும்பினால் பின் அறை. அங்கே இப்போது இருநூற்றுக்குக் குறையாது. அவர் இடது பக்கம் திரும்பி அடுக்களைக்குப் போனார். எல்லாச் சுவருக்கும் ஒரே வெள்ளைதான். சுவர் மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்துப் பிடித்து, டப்பாவை ஒட்டி வைத்தார். இத்தனை வருஷமாக மற்றவர்கள் சொன்ன பொய்களைத் தேடியே பழகியவருக்கு இது எப்படிச் செய்வதென்று சரியாகத் தெரியவில்லை.

கால்குலேட்டரில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒரு நிமிஷம் முடிந்தது. இருபத்தொன்று.

குழந்தை டிக் சத்தம் நின்றதும் பொம்மையை விட்டுவிட்டு எங்கே என்று தேடினான்.

"சரி பப்பா" என்றாள் லேயா. "டிக்கெட் இருக்கட்டும், வர்றோம். ஆனா நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டதை இன்னும் என்னால நம்ப முடியல, ராத்திரிக்கு ஓட்டல்லதான் தங்குவோம். பகல்ல இவனைத் தூக்கிட்டு உங்ககிட்ட வர்றேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்னம்மா. வந்தா போதும்" என்றார்.

எந்த ஓட்டல் என்று கேட்டார். கடற்கரைப் பக்கம் ஏதோ பெயர் சொன்னாள். அங்கே தரையெல்லாம் கிரானைட்டா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கிரானைட் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். எதுவார் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல ஓட்டல்தான் என்றார்.