கிளியின் விலாசம்

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வேலையில் மாடு உதைத்தால் தடவிக்கொள்ளத் தைலம் உண்டு. மனுஷன் பேச்சுக்கு ஒரு மருந்தும் கிடையாது. சர்க்கார் கவுண்டரில் எந்தப் பக்கம் நின்று வெந்தவர்களாக இருந்தாலும் சரி, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். தன் தோப்பில் குடியிருக்கும் வயல் ஆட்களுக்குச் சர்க்கார் மனைப்பட்டா கொடுக்கப்போகிறது என்று எங்கள் ஊர் மிராசுதார் தூக்கமில்லாமல் கிடந்த வருஷம் அது.

என்ன தீனி?

நடவு வேலை செய்யும் அஞ்சலை கூண்டோடு வந்தாள். உள்ளே வளர்ப்புக் கிளி உடம்பை உப்பிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்து, "முட்டை சிக்கியிருக்கு. வெளியே வராட்டி செத்துடும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெறும் சோத்தையே போட்டா சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போகும்? வேற எதுவுமே குடுக்கலியாம்மா?" என்று கத்தினேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "நாங்க திங்கிறதைத்தாங்க அதுவும் திங்குது."

ஒரே பாட்டில்

அலமாரியில் இருந்தது ஒரே ஒரு கால்சியம் பாட்டில். மிராசுதாரின் சீமைப்பசுவுக்கென்று டாக்டர் ஒதுக்கி வைத்திருந்தார். கிளிக்கு வேண்டியது சில சொட்டு, அதற்கே அவர் யோசித்தார். "பசு கன்னு போட இன்னும் ஒரு மாசம் இருக்கு சார்! இது இன்னிக்கே போயிடும்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒருவழியாக ஊசி போட்டார். பின்பக்கம் எண்ணெய் தடவி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தோம். பிதுக்கினால் முட்டை உள்ளேயே உடைந்துவிடும், காத்திருக்கத்தான் வேண்டும்.

கை கழுவிக்கொண்டே டாக்டர் முணுமுணுத்தார்: "என்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தாம நீ விடமாட்டே."

நோட்டில் ஒரு வரி

காத்திருந்த நேரத்தில் நோட்டில் எழுதினேன்: உரிமையாளர் அஞ்சலை, விலாசம் கிழக்குத் தோப்பு. மருந்து வாங்க வந்த மிராசுதாரின் காரியக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தார். "யோவ், தோப்பு ஐயாவோடது! இவ அங்கே குடியிருக்கான்னு சர்க்கார் நோட்டுல எழுதினா, நாளைக்கு இதைக் காட்டியே பட்டா கேப்பா. அடிச்சு விடு!"

டாக்டர் விட்டத்தைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே உயிர் ஒன்று முக்கிக்கொண்டு கிடக்கிறது, இந்த ஆளுக்கு விலாசம் உறுத்துகிறது! "அப்ப இவங்க எங்கேதான் குடியிருக்காங்க, சொல்லுங்க" என்றேன்.

"எங்கியும் இல்லேன்னு எழுது."

சீட்டு

அந்த வரியை நான் அடிக்கவில்லை. நோட்டை இழுக்க வந்தவரின் கையைத் தட்டிவிட்டேன், அவர் கறுவிக்கொண்டே போனார். மத்தியானம் முட்டை விழுந்தது. கிளி எழுந்து நின்று சிறகை உதறியது. அஞ்சலை கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதே விலாசம் எழுதிய மருந்துச் சீட்டை அவளிடம் நீட்டினேன். அதுவரை அவளுக்கு அது வெறும் காகிதம். அதன் மதிப்பைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவர் காரியக்காரர்தான்! கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு எங்க தெருக் கோழியெல்லாம் கொண்டாறோம். ஒவ்வொண்ணுக்கும் வீட்டு விலாசம் எழுதுவீங்களாங்க?"

மறுநாள் ஒரு நோயும் இல்லாத கோழிகளுக்குப் பொழுது சாயும்வரை வைத்தியம் பார்த்தேன். அவ்வளவு ஆத்திரத்தோடு அவ்வளவு அழகாக என் சர்வீஸில் வேறு எதையும் நான் எழுதியதில்லை.