அவர் ஊதாத மூச்சு

எண்பதுகளின் கடைசியில், நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வீடு விழுப்புரத்தில். ஆய்வுக்காகத் திண்டிவனம் பக்கத்தில் இருந்த ஓர் அரிசி மில்லுக்கு பஸ் பிடித்துப் போய்வருவேன். அங்கே தவிடு சலிக்கும் கொட்டகையில் இருபது பெண்கள் வேலை செய்தார்கள். நாள் முழுக்க உமித்தூசியில் நிற்பவர்களின் மூச்சு போகப்போகக் குறைகிறதா என்பதுதான் என் ஆய்வு.

என்னிடம் இருந்தது ஒரு சின்னக் குழாய். மூச்சை இழுத்துப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் ஊதினால் அதில் இருக்கும் முள் நகர்ந்து ஓர் எண்ணைக் காட்டும். தை, மாசி, பங்குனி என்று மாதத்துக்கு ஒரு நாள் அதே இருபது பேரும் ஊத வேண்டும். முதல் நாள் ஒரே சிரிப்பு. குழாயை வாயில் வைத்ததுமே ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குலுங்குவார்கள். நான் பதினோராம் எண் கொடுத்திருந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், நல்ல வாய். "ஊதினா எங்களுக்கு இன்னாம்மா கெடைக்கும்?" என்று அவர்தான் கேட்டார். மூச்சு குறைவது தெரிந்தால், தூசி இழுக்கிற ஃபேன் போடச் சொல்லி ஓனரிடம் எழுதிக் கொடுப்பேன் என்றேன். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுப் போட வருகிறவர்கள் மாதிரி வரிசையில் வந்து ஊதிவிட்டுப் போனார்கள்.

பங்குனியில் ஆறு பேர் வரவில்லை. பதினோராம் எண் அக்காவும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டில் ஆறு கோடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

விழுப்புரத்தில் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏதோ சந்நிதிக்குள் போவது போல ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். அங்கே இருந்த ஆபரேட்டர், சென்னையிலிருந்து ஃபிளாப்பியில் கொண்டுவந்த புள்ளியியல் புரோகிராம் ஒன்றை எனக்காகப் போட்டுக் கொடுத்தார். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு மூன்று எண். இந்தக் கணக்கு ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாது. தை மாதத்து அவரைப் பங்குனி மாதத்து அவரோடேயே ஒப்பிடும். அதனால்தான் ஒரே ஆளை மூன்று முறை அளப்பது.

பிரிண்டர் கர்புர்ரென்று சத்தம் போட்டுத் தாளைத் தள்ளியது. கணக்கில் சேர்ந்தவர்கள் பதினான்கு, விடப்பட்டவர்கள் ஆறு. "ஒரு எடம் காலியா இருந்தாலும் அந்த ஆளையே தூக்கிடும் மேடம்" என்றார் ஆபரேட்டர். இருபது பேருக்கு ஒருவர் குறைந்தாலும் என் முன்னால் வராதே என்று ஆய்வை வழிநடத்திய கைடு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அடுத்து நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வந்த பதினான்கு பேரின் சராசரியை எடுத்து, வராத ஆறு பேருக்கும் போட்டேன். ஆறும் ஒரே எண்ணாக இருந்தால் கைடு கண்டுபிடித்துவிடுவார் என்று சிலருக்குக் கொஞ்சம் கூட்டி, சிலருக்குக் கொஞ்சம் குறைத்தேன். இந்தப் புத்தி மட்டும் எனக்கு நன்றாக வேலை செய்தது. மறுபடி ஓட்டினோம். இருபது பேர். மூன்று மாதங்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போனதும் அந்தப் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பாத்திரக்கடையில் இருபது எவர்சில்வர் டம்ளர் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரை வெட்டச் சொன்னேன். அவற்றைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். முதலில் ஓனரிடம் ஆய்வுச் சுருக்கத்தை ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். படித்தவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே கொட்டகைக்கு வந்தார்.

"கேட்டுக்குங்க. தூசியால உங்களுக்கு ஒண்ணும் இல்லியாம். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. இனிமே ஃபேனு கீனுன்னு யாரும் வந்து நிக்காதீங்க!"

சல்லடைகள் நின்றன. அவர் போனதும் நான் டம்ளர்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மூச்சுத் திணறல் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்குக் குழாயே தேவைப்பட்டிருக்காது. அன்று பதினோராம் எண் அக்கா எழுந்து என்னிடம் வந்த பத்தடி தூரம் போதும். நடுவில் ஒரு முறை தூணைப் பிடித்து நின்றுவிட்டு வந்தார். டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்கு வாணாம்மா. மூணாந்தரம் நான் ஊதலியே. மூச்சு முட்டிக்கினு பெரியாஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேன். இங்க இன்னும் அஞ்சு பேருக்கு அதே கதிதான்."

கையில் இருந்த டம்ளர் கனத்தது. வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆய்வுக்கான பதில். அந்தப் பதிலைத்தான் நான் வந்தவர்களின் மூச்சைப் போட்டு மூடியிருந்தேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. "குழாய் வச்சிருக்கியா? குடு, இப்ப ஊதறேன். ஊதிட்டு வாங்கிக்கறேன்" என்றார். பையில் இருந்தது, கொடுத்தேன். ஊதினார். முள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. நான் அவருக்குப் போட்டிருந்த எண் முந்நூற்று முப்பத்தைந்து. முள் காட்டியது இருநூற்றுப் பத்து. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கினியா?" என்றார்.

நோட்டு எடுத்துவரவில்லை என்றேன். அது என் பையில்தான் இருந்தது.

"அப்ப எழுதினப்புறம் குடும்மா" என்று சொல்லி, டம்ளரோடு என் விரல்களை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்து சல்லடையை எடுத்துக்கொண்டார்.

ஓனர் அறை இருபதடி தூரத்தில்தான் இருந்தது. போய், நான் கொடுத்தது தப்பு, அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் போனேன். அடுத்த வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

பட்டம் கைக்கு வந்தபிறகுதான் எனக்குத் தைரியமும் வந்தது. அதற்குள் பல மாதம் ஓடியிருந்தது. மறுபடி மில்லுக்குப் போய் ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நான் கொடுத்த தாள் அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டி, "அன்னிக்கு எழுதிக் குடுத்தது பொய்யா, இல்ல இப்ப சொல்றது பொய்யாம்மா?" என்று கேட்டார். கொட்டகைக்குப் போனேன். ஃபேன் இல்லை. பதினோராம் எண் அக்காவும் இல்லை. மில் வேலை இனி ஆகாது என்று மண்டகப்பட்டுப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். எந்த வீடு என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அந்த டம்ளர் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, இது யார் என்று பேத்தி ஒரு நாள் கேட்டாள். தெரிந்த அக்கா என்று சொல்லிச் சமாளித்தேன். கல்லூரி நூலகத்தில் இருக்கும் என் ஆய்வேட்டைத் திறந்தால், பதினோராவது வரிசையில் அவர் இன்றும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அவர் எழுதிக்கொள்ளச் சொன்ன மூச்சை நான் முதல்முதலாக எழுதுவது இங்கேதான், எழுதினபிறகு டம்ளரை வாங்கிக்கொள்ள அவர் எங்கே இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.