விசாரிக்க வந்தவளுக்கு நான் சொன்ன பதில்

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது சாதகப் பொருத்தம் பார்த்து முடிந்ததும் இன்னொரு பொருத்தம் பார்ப்பார்கள். அதற்குச் சாத்திரி தேவையில்லை, அயலவர் போதும். பெண் வீட்டைச் சுற்றியுள்ள நாலு வீட்டில் ஏறி, தேத்தண்ணி குடித்து, "பிள்ளை எப்பிடி?" என்று கேட்பார்கள். இதை விசாரிக்கிறது என்போம். விசாரிக்க வந்தவருக்கு ஒருவரும் கூடாததைச் சொல்வதில்லை. கலியாணத்தைக் குழப்பிய பாவம் வந்து சேரும் என்ற பயம். நல்லது என்றால் "தங்கமான பிள்ளை" என்பார்கள். ஏதும் பிசகு என்றால், "எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்பார்கள். வந்தவர் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்.

நான் உளவளத்துணையாளர். மனம் நொந்து வருகிறவர்களோடு இருந்து கதைக்கிற வேலை. ஊரில் எனக்கு முன்னால் "மிஸ்", பின்னால் "விசர் மிஸ்", பைத்தியங்களைப் பார்க்கிற மிஸ். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், வருகிறவர் சொன்னதை மட்டுமல்ல, அவர் வந்தார் என்பதையே வெளியில் சொல்லக்கூடாது என்பது. நல்ல பாடம்தான். ஆனால் அதை எழுதியவர்களின் வீட்டுக்கு யாரும் மாம்பழப் பையோடு கலியாணம் விசாரிக்க வந்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளை எங்கள் ஒழுங்கையில்தான், இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவளைப் பற்றிய சில்லறை விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என்ன வருத்தம், என்ன நோய் என்று எழுதவே போவதில்லை. அயலில் இருப்பவளை நான் பார்ப்பது சரியில்லை என்றும் ஒரு விதி உண்டு. வேறு யாரிடம் அனுப்புவது? அடுத்த ஆளிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் என்னிடமே வந்தாள். அறையில் என்னை "மிஸ்" என்பாள், ஒழுங்கையில் கண்டால் "அன்ரி". அந்த வித்தியாசத்தை அவளாகவே வைத்துக்கொண்டாள்.

வந்த புதிதில் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கதவைப் பார்த்தபடியே கதைப்பாள். மெல்ல மெல்லத் தேறினாள். ஒருநாள் கலியாணம் பேசுகிறார்கள் என்றாள். மாப்பிள்ளையோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறாள், பிடித்திருக்கிறது. "என்னைக் கதைக்க விட்டிட்டுக் கேக்கிறான் மிஸ்" என்று அவள் சிரித்தபோது எனக்கும் சந்தோசமாக இருந்தது. தன் வருத்தத்தைத் தானே அவனிடம் சொல்லப்போவதாகவும், கொஞ்சம் நாள் வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்த நாள் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தமக்கை கொடிகாமத்தில் இருந்து வந்து இறங்கினாள். நான் அவளுக்கு மிஸ் இல்லை, பெண் வீட்டுக்கு அயலவள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை எப்பிடி அக்கா? பக்கத்திலை இருக்கிற உங்களுக்குத் தெரியாததே" என்றாள்.

நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் விசாரிக்க வருகிறவர்கள் அதோடு விடுவதில்லை. அடுத்த கேள்வி, "வருத்தம் ஒண்டும் இல்லையே?" முதலாவதற்கு வாயைத் திறந்தவள் இரண்டாவதற்கு மூடினால், மூடியதே பதிலாகிவிடும். இல்லை என்று பொய் சொன்னாலோ, அவள் தன் வாயால் அவனிடம் சொல்ல இருந்ததை நான் முந்திக்கொண்டு பொய்யாக்கியதாகும்.

"தங்கச்சி, நான் இந்த வேலைக்கு வந்த பிறகு ஆரைப் பற்றியும் ஆருக்கும் ஒண்டும் சொல்லுறேல்லை. ஆர் வந்து கேட்டாலும் இதுதான் பதில்" என்றேன்.

"என்ன வேலை அக்கா?"

சொன்னேன். சொல்லாவிட்டாலும் அடுத்த வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "விளங்குது அக்கா" என்றாள்.

"இல்லை, பிழையா விளங்காதேங்கோ. உந்தப் பிள்ளை எண்டில்லை..."

"ஓம் ஓம், எனக்கு விளங்குது." வாசல் படலைவரை பின்னால் போய்ச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவளுக்கு இன்னும் நன்றாக விளங்கியது. போகும்போது என் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

கலியாணம் குழம்பிப் போயிற்று. பிள்ளையின் தாய் படலையில் நின்று கத்தினார். "நல்ல பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்கடை வாயிலை இருந்து முத்தே கொட்டுப்படும்? என்ரை பிள்ளையை ஊருக்கு விசரி ஆக்கிப்போட்டியளே!" ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கேளாதவர்களுக்கும் அதற்குப் பிறகு தெரிந்துவிட்டது.

என்னைவிட அனுபவம் கூடிய ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நீங்கள் செய்தது சரி என்றார். எனக்கும் தெரியும் சரி என்று. பிழை என்றால் திருத்தலாம், மன்னிப்புக் கேட்கலாம். சரியாகச் செய்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவள் கடைசியாக ஒருமுறை வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் மிஸ். சொல்லமாட்டியள் எண்டு நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னனான்."

அந்தச் சொல்லுக்கு நான் அழுதுவிட்டேன். அவள் முன்னால் அழக்கூடாது, அழுதேன்.

"இனி வரேலாது. அம்மா விடமாட்டா. என்னை உங்களோடை கண்டால் எல்லாரும் கதைப்பினம். ரோட்டிலை கண்டாலும் தெரியாத மாதிரிப் போங்கோ" என்றாள்.

சரி என்றேன். வேறு ஆளிடம் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். பஸ்ஸில் யாரும் காண்பார்கள் என்றாள். தன்னைத் தானே ஏதும் செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றாள். எப்போது என்றாலும் தொலைபேசி எடு என்று என் நம்பரைச் சொன்னேன். தலையாட்டினாள். அவள் எடுக்கவில்லை. தெருவில் தெரியாததுபோல் போவதாக நான் கொடுத்த வாக்கு மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் இருந்து எவரும் என்னிடம் வரவில்லை. வராததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் வாயை மூடி வைத்தாலும் வந்தவளைக் காப்பாற்ற முடியாத ஊரில் இந்த அறையை எதற்குத் திறந்து வைத்திருக்கிறேன் என்று காலையில் பூட்டில் திறப்பைப் போடும்போதெல்லாம் நினைப்பேன்.

சில மாதங்களுக்குப் பிறகு சந்தையில் கண்டேன். தாய் தேங்காய்க்காரனோடு விலை பேசிக்கொண்டு நிற்க, அவள் பக்கத்தில் பையோடு நின்றாள். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் நில்லாமல் வழுகியது. வந்த புதிதில் இருந்ததைவிட மோசம். உயிருக்கு ஆபத்து என்றால் வாய் திறவாத விதியை மீறலாம். மெலிந்து போய்ச் சந்தையில் நிற்பது ஆபத்து என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அவள் என்னைக் கண்டாள். நேரே பார்த்தாள். நான் வாக்குக் கொடுத்திருந்தபடி முகத்தைத் திருப்பி, குவியலில் கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினேன். பொறுக்கி முடித்து நிமிர்ந்தபோது தாய் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் நடந்துகொண்டே, தலையைத் திருப்பி இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.