நாலு ஓட்டைத் தழும்பு

மருதமுத்துவின் வலது நுரையீரல் உச்சியில் இருந்த கட்டியை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. புக்கிட் காத்தில் என்ற ஊரில் அவர் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் மைலோ டின்னை மேசையில் வைத்த கையோடு, "தையலக் காட்டுங்கண்ணே" என்றார்கள். சட்டையைத் திறந்தால் விலாவில் நாலு சின்னத் தழும்பு.

"இவ்ளோதானா? ரோபோட்தானே செஞ்சுச்சி!"

மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோபோட் என்ன தானாக வந்து வெட்டியதா? டாக்டர் ஒரு பக்கம் உட்கார்ந்து அதன் கைகளை அசைத்து, மணிக்கணக்காக உயிரைக் கொடுத்து எடுத்த கட்டி அது. ஓட்டை சின்னது என்றால் வியாதியும் சின்னதா?

முன்பும் இதே கதைதான். தெங்கேராவில் பரமேஸ்வரன் கடையில் இருபத்தாறு வருஷம் கேஸ் தோங், அதான் சிலிண்டர், தூக்கியவர். தோள் வலிக்கிறது என்றபோது, "தோங் தூக்குற தோள் வலிக்காம என்ன செய்யும்?" என்று முதலாளி சிரித்தார். தைலம் தேய்த்தே எட்டு மாதம் போனது. அத்தனை நாளும் அந்தக் கட்டிதான் கைக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இன்றுவரை வலது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலையில் மனைவி மோகனாதான் பொத்தான் போட்டுவிடுகிறாள். அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம்.

மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். முதலாளியோ திங்கட்கிழமை வேலைக்கு வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று போன் செய்துவிட்டார். மருதமுத்து கடிதத்தோடு கடைக்குப் போனார். பரமேஸ்வரன் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"கடிதாசி கெடக்கட்டும். தையலக் காட்டு."

எரிச்சலோடு இடது கையால் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினார்.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கா மூணு மாசம்? சரி, மூடு லா, ஆளு வராங்க."

மருதமுத்து மூடப் பார்த்தார். பொத்தான் நழுவியது. மறுபடியும் நழுவியது. கடைக்குள் வந்த பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. ஐந்தாவது தடவையும் நழுவியபோது பரமேஸ்வரன் எழுந்து வந்து, ஒவ்வொரு பொத்தானாகத் தானே போட்டுவிட்டார்.

"எப்பலேருந்து கை இப்படி?"

"தோளு வலிக்குதுன்னு சொன்னனே, நீங்ககூட சிரிச்சீங்க. அப்பலேருந்து."

பரமேஸ்வரன் மேசைக்குத் திரும்பி, கடிதத்தைப் பிரித்தார்.