பழைய மின்னஞ்சலில் கிடந்த நோட்டீஸ்

முனிராஜின் ஜி.எஸ்.டி. பதிவு ரத்தாகி எண்பத்தோராவது நாள், அவரும் அவர் மனைவி மாரம்மாவும் ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மாடி அலுவலகத்தின் படிகளில் ஏறினார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அதே படிகளில் முனிராஜ், கட்டணம் அதிகம் என்று கோபமாக இறங்கிப் போயிருந்தார். இன்று ஒவ்வொரு படியும் அவருக்கு மலையாக இருந்தது.

மேலே பொற்கொடி இருந்தாள். சிறு தொழிற்கூடங்களுக்கு வரிக்கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது அவள் தொழில். விருதுநகர் பக்கத்துப் பெண். கணவர் ராஜசேகருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தபோது, கைக்குழந்தையோடு வந்து இறங்கியவள். ஒரு பேரிங் கடையில் பில் எழுதப் போனாள். எழுதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். படித்தாள். ஜி.எஸ்.டி. வந்த வருடம், பழைய கணக்கர்கள் பலர் “இது நமக்கு ஆகாது” என்று மூட்டை கட்டியபோது, அவள் ஒரு மேசையும் ஒரு கணினியும் வாங்கிப் போட்டாள்.

அன்றிலிருந்து விதிகள் மாறாத மாதம் இல்லை. படிவம் மாறும், கடைசித் தேதி மாறும், பில்லில் போட வேண்டிய எண்கள் கூடும், வரி அடுக்கே ஒருநாள் காணாமல் போகும். ஒவ்வொரு அறிவிப்பையும் காலையில் சோறு வேகும் நேரத்தில் படித்துவிடுவாள். பிறகு கைபேசியை வாயருகே பிடித்து, தன் வாடிக்கையாளர்கள் அறுபத்து மூன்று பேருக்கும் குரல் செய்தி அனுப்புவாள். முதலில் தமிழ், அப்புறம் கன்னடம், கடைசியில் தட்டுத் தடுமாறித் தெலுங்கு. “அண்ணே, ஏப்ரல் ஒண்ணுலருந்து பில் நம்பர் புதுசா ஆரம்பிக்கணும். பழைய புஸ்தகம் மிச்சம் இருக்குன்னு அதுலயே எழுதிடாதீங்க.” தொழிற்கூடக்காரர்கள் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே காதில் வைத்துக் கேட்டு, எண்ணெய்க் கையோடு தலையாட்டிக்கொள்வார்கள். அரசாங்கத்தின் இங்கிலீஷ் அந்தத் தகரக் கூரைகளுக்குக் கீழே அவள் குரலில்தான் போய்ச் சேர்ந்தது.

“வாங்கண்ணே. அக்கா, உட்காருங்க” என்றாள் பொற்கொடி.

“உக்கார்றதுக்கு மூஞ்சி வேணும் இல்ல? இந்தாளுக்கு ஏது?” என்று மாரம்மா நின்றபடியே ஆரம்பித்தாள். “பாதிக் காசுக்குப் பாக்கறேன்னு அந்தப் பையன் சொன்னான்னு ஓடினாரு. பாதிக் காசுக்கு ஆடு வாங்கினா பாதி ஆடுதான் வரும்னு அன்னைக்கே சொன்னேன்.”

முனிராஜ் சூளகிரிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கம்பெனியில் ஹெல்பராக நுழைந்து, ஆபரேட்டராகி, கடன் வாங்கி இரண்டு லேத்தும் கணினியால் இயங்கும் ஒரு சி.என்.சி. மெஷினும் போட்டவர். அவர் கூடத்தில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கடைந்து வரும் புஷ் என்னும் உலோக வளையங்களுக்கு மாரம்மாதான் பிசிறு தேய்ப்பாள். எல்லாம் ஒரே கம்பெனிக்குப் போகிறது. பொற்கொடியை விட்டு அவர் போய்ச் சேர்ந்த சுபாஷ் என்ற இளைஞன், பெங்களூரில் வேலை கிடைத்ததும் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டான். கேட்டபோதெல்லாம் “போட்டாச்சுண்ணா” என்றான். ஆறு மாதம் எதுவும் தாக்கலாகாததால் பதிவு ரத்தானது. பத்து நாளுக்கு முன்பு கம்பெனிக்காரர்கள் கணினியில் பார்த்துச் சொன்னபோதுதான் முனிராஜுக்கே தெரியும். ரத்தான எண்ணுக்கு ஆர்டர் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

“ரத்துன்னு எந்தத் தேதி போட்டிருக்குண்ணே?”

“ஜூலை எட்டு. திரும்ப வாங்கறதுக்கு முப்பது நாள்தானாம், அது தாண்டிடுச்சி, அவ்ளோதான், புது நம்பர் எடுத்துக்கோன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க மேடம். புது நம்பர்னா கம்பெனியில மறுபடியும் மொதல்லருந்து வரிசையில நிக்கணும். ஒரு வருசம் ஆகுமாம். ஆறு பேரையும் அனுப்பிடலாம்னு…”

பொற்கொடி விரல் விட்டு எண்ணினாள்.

“முப்பது நாள்ங்கிறது பழைய கதைண்ணே. அத மாத்தி ரெண்டு வருசமாச்சு. இப்ப தொண்ணூறு நாள். இன்னும் ஒம்பது நாள் நம்ம கையில இருக்கு. அதுக்கு அப்புறம்னாதான் பெரிய அதிகாரிங்ககிட்ட அலையணும்.”

வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தோளில் சுமந்த அந்த மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாரம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

முதலில் முனிராஜின் கணக்கைத் திறக்க வேண்டும். கடவுச்சொல் சுபாஷோடு போய்விட்டது. புதியது வாங்க ஓ.டி.பி. என்ற ரகசிய எண் வரும். கைபேசிக்கு வருவது, சுபாஷ் மாற்றிப் போட்டிருந்த அவனுடைய எண்ணுக்கு. மின்னஞ்சலுக்கு வருவது? திரையில் தெரிந்த பாதி முகவரியைப் பார்த்ததும் பொற்கொடியின் கை நின்றது. அது அவளுடைய பழைய முகவரி.

இந்தத் தொழிலில் பலரிடமும் ஒரு வழக்கம் உண்டு. பதிவு எடுக்கும்போது வாடிக்கையாளரின் மின்னஞ்சல் என்று கணக்குப் பார்ப்பவர் தன்னுடையதையே போட்டுவிடுவார். லேத் ஓட்டுகிறவருக்கு மின்னஞ்சல் எதற்கு என்பார்கள். உள்ளே இன்னொரு காரணமும் இருக்கும். ரகசிய எண் யாருக்கு வருகிறதோ அவரை விட்டு வாடிக்கையாளர் எளிதில் போக முடியாது. பொற்கொடியும் அதைத்தான் செய்திருந்தாள். முனிராஜ் போன பிறகு முகவரியை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். போனவர்தானே பார்த்துக்கொள்ளட்டும் என்ற கோபத்தில் விட்டுவிட்டாள். பிறகு வேறு முகவரிக்கு மாறியவள், பழையதைத் திறப்பதே இல்லை.

இப்போது திறந்தாள். ரகசிய எண் மேலே வந்து நின்றது. அதற்குக் கீழே, பிரிக்கப்படாமல், ஜூலை எட்டாம் தேதி ரத்து உத்தரவு. அதற்கும் கீழே மே மாதத்து நோட்டீஸ்: பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது, ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தருக. அன்றே பார்த்திருந்தால் ஒரு வாரத்து வேலை. இந்தக் கண்ணீருக்கு இடமே இருந்திருக்காது.

எதிரே இருந்த இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடினால் போதும். உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. இன்னும் சொன்னால், தொண்ணூறு நாள் விதியைச் சொன்ன தெய்வமாக அவள் அந்த வீட்டில் காலமெல்லாம் இருந்திருக்கலாம்.

பொற்கொடி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, இத நீங்க பாக்கணும். ரத்து பண்ணப் போறோம்னு மே மாசமே நோட்டீஸ் வந்திருக்கு. என்னோட மெயிலுக்கு வந்திருக்கு.”

மாரம்மா திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் வீட்டுக்கு வந்த கடுதாசி உன் வீட்டுல கெடந்துச்சா?”

“கெடந்துச்சுக்கா.”

“பிரிச்சிக்கூடப் பாக்கல?”

“பாக்கல. அண்ணே போனப்பவே மாத்திக் குடுத்திருக்கணும். கோவத்துல விட்டுட்டேன். தப்பு என்னுது.”

முனிராஜ் குறுக்கே புகுந்தார். “நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா மேடம்?”

“தெரிஞ்சிருக்காதுண்ணே.”

“அதுக்காகத்தான் இன்னும் உக்காந்துக்கினு இருக்கேன்” என்றாள் மாரம்மா. கண்கள் சிவந்திருந்தன. “இல்லன்னா உன் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்ல எறிஞ்சிருப்பேன். ஒம்பது நாள்னு சொன்ன இல்ல? ஒம்பது நாள்ல போடு.”

மறுநாளே ஒரு அரிசிச் சாக்கில் பில்கள் வந்து இறங்கின. ஒன்பது மாதத்துக் கணக்கு. எண்ணெய் படிந்தவை, பாதி கிழிந்தவை, பின்பக்கம் டீ கணக்கு எழுதியவை. மாரம்மா தரையில் உட்கார்ந்து தேதி பார்த்து மாதவாரியாக அடுக்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்குத் தேதி படிக்க வந்தது. நாடு முழுவதும் வரி விகித அடுக்குகள் மாறிய நேரம் அது. பொற்கொடியின் கைபேசி ஓயாமல் அடித்தது. “பழைய பில்ல என்ன பண்றது?” என்று வந்த ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே முனிராஜின் ஒவ்வொரு மாதத்தையும் தாக்கல் செய்தாள். ஆயுத பூஜையன்று ஊரில் எந்த மெஷினும் ஓடவில்லை. அவள் கணினி மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு ஓடியது.

தாமதக் கட்டணத்தில் பாதியைத் தானே கட்டுவதாகப் பொற்கொடி சொன்னாள். முனிராஜ் பதறி மறுத்தார்.

“குடுக்கட்டும் விடுய்யா” என்றாள் மாரம்மா, அடுக்குவதை நிறுத்தாமல். “தப்பு செஞ்ச கைக்கு அதுதான் மருந்து.”

எண்பத்தெட்டாம் நாள் ரத்தை நீக்கக் கோரும் விண்ணப்பம் போனது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் பலரும் உடல்நலக் குறைவு என்று எழுதுவார்கள். பொற்கொடி நடந்ததை எழுதினாள்: பதிவில் இருந்தது முன்னாள் கணக்கரான என்னுடைய மின்னஞ்சல், நோட்டீஸை நான் பார்க்கவில்லை, தொழில் செய்பவருக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை வணிகவரி அலுவலகத்தில் அதிகாரி சத்யப்ரியா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

“கன்சல்டன்ட்டே தன் பேர்ல தப்ப எழுதி இப்பத்தான் பாக்கறேன். நாளைக்கு இதையே வெச்சி உங்க கிளையண்ட் உங்க மேல கேஸ் போடலாம். தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எழுதினேன்.”

சத்யப்ரியா வாசலில் நின்ற தம்பதியைப் பார்த்தார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“கேஸ் போட்டா எங்க கணக்க யாரு பாக்கறது?” என்றாள் மாரம்மா.

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் ஒன்பது மாதத் தாக்கலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுத்தார். புதன்கிழமை மதியம் முனிராஜின் எண்ணுக்கு நேராகப் பச்சை நிறத்தில் அந்த வாசகம் வந்தது. நடப்பில் உள்ளது. மறுநாள் கம்பெனி வண்டி புஷ் ஏற்ற வந்தது. ஆறு பேரில் ஒருவரும் போகவில்லை.

அதோடு பொற்கொடி நிம்மதியாக இருந்திருக்கலாம். அவள் மீதி வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்தாள். தினம் இரண்டு தொழிற்கூடம். வாசலில் செருப்பை விட்டு, மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவரவர் கைபேசியில் அவரவருக்கு மின்னஞ்சல் திறந்து, பதிவில் தன் முகவரியை எடுத்துவிட்டு அவர்களுடையதை ஏற்றினாள். “நோட்டீஸ்னு வந்தா படிக்கத் தெரியலன்னாலும் பரவால்ல, எனக்கு அனுப்புங்க. நம்பர் வந்தா எதுக்குன்னு கேக்காம யாருக்கும் சொல்லாதீங்க. எனக்கும்தான்.”

ராஜசேகருக்குக் கவலை. “கயித்த அவுத்துவிட்டா மாடு நிக்குமாடி?”

“நிக்கிறது நிக்கட்டும்ங்க. கட்டிப்போட்டதால நின்னுச்சுன்னா அதுல எனக்கு என்ன பெருமை?”

பதினோரு பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினாள். அவர்களுக்கும் குரல் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. பட்டியலிலிருந்து அவர்களை நீக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முனிராஜ் மறுபடியும் அவளிடமே கணக்கைக் கொடுத்தார். ஆனால் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் மாரம்மாவுடையவை. அப்படித்தான் வேண்டும் என்று மாரம்மா சொல்லிவிட்டாள். அடுத்த மாதத் தாக்கலுக்குப் பொற்கொடி கணினியில் எல்லாம் போட்டு முடித்து, கையொப்பத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டு, அவளை அழைத்தாள்.

“அக்கா, ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க. சொல்லுங்க.”

பின்னால் லேத் உறுமியது. மாரம்மாவின் குரல் அதையும் தாண்டி வந்தது.

“வந்துகீது. மொதல்ல நீ எதுக்குன்னு சொல்லு, அப்புறம்தான் நான் நம்பர் சொல்லுவேன்.”

பொற்கொடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த மாதத்து விற்பனை எவ்வளவு, வரி எவ்வளவு, எந்தப் பில் விடுபட்டிருந்தது என்று ஒன்று விடாமல், அவசரமில்லாமல், சொல்ல ஆரம்பித்தாள்.