நான் அடைத்த தோட்டாக்கள்

என் கணவர் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவர். வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைக் காடுகளில் சங்கிலி இழுத்து அளந்துகொண்டு மாதக்கணக்கில் திரிவார். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தன் கைத்துவக்கை முறைப்படி இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு தோட்டா போடும் சுழல் துவக்கு அது. நாற்பத்தைந்து நம்பர். குண்டு ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன்.

துவக்கோடு வந்த தோட்டா ஒரு வருடத்தில் தீர்ந்துபோயிற்று. கொழும்புக்கு எழுதினால் பதில் வர ஒரு மாதம், சாமான் வர மூன்று மாதம். அதனால் சுட்ட கூடுகளையே திரும்ப அடைக்கும் கருவி ஒன்றை அவர் தபாலில் எடுப்பித்தார். பாக்குவெட்டிபோல இரண்டு கைப்பிடி உள்ள இரும்பு. அதன் நுனியிலேயே குண்டு வார்க்கும் அச்சும் இருந்தது. அவர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். காட்டுக் காய்ச்சலுக்குக் கொயினா குடித்துக் குடித்து அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்த காலம். அடைக்கவேண்டிய வெடிமருந்து பாயில் கொட்டியது. மூன்றாம் நாள் நான் கருவியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை.

பித்தளைக் கூடுகளைப் புளித்தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைப்பேன். அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டும் கேப்பில் சுட்டதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்துவேன். மருந்தைத் தட்டாரின் சின்னத் தராசில்தான் நிறுப்பேன், ஒரு குன்றிமணி கூடக்குறையப் போகவிடமாட்டேன். பழைய வீச்சுவலையில் இருந்து கழற்றிய ஈயத்தை உருக்கி வார்த்தால் குண்டு வெள்ளிபோல வந்து விழும். அதற்குத் தேன்மெழுகும் கொழுப்பும் பூசுவேன். அடைக்கும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டேன். ஒரு கூட்டில் இரண்டு தரம் மருந்து விழுந்தால் துவக்கே கையோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

அடைப்பவள் நான், சுடுபவர் அவர் என்று கொஞ்ச நாள் போனது. ஒருநாள் என் தோட்டா இடதுபக்கம் இழுக்கிறது என்று அவர் குறை சொன்னார்.

“தோட்டா நேராத்தான் போகுது. உங்கட கைதான் இழுக்குது” என்றேன்.

“அப்ப நீ சுடு பாப்பம்” என்று நீட்டினார்.

வாவிக்கரையில் நட்டிருந்த கம்பை நோக்கி இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டேன். துவக்கு எகிறிக் குழல் என் நெற்றியில் அடித்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கம்பு முறிந்து கிடந்தது. அவர் தன் சால்வையால் என் நெற்றியைக் கட்டிக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து கருவிபோலவே துவக்கும் பாதி நாள் என் கையில்தான்.

எனக்கு முப்பத்தொரு வயதில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். எட்டுச் சடங்கு முடிந்த அடுத்த நாளே ஊரின் தலைமைக்காரர் விதானையார் வந்தார். என் அண்ணனும் கூட வந்தான்.

“புள்ள, லைசன் அவர்ர பேரிலதான். இப்ப அவர் இல்ல. மறுகா இந்தச் சாமான் என்னட்டத்தான் வரணும்” என்றார் விதானையார்.

“எழுதித் தாங்க. தாறன்.”

“என்னத்த எழுதுற?”

“இன்ன நம்பர் துவக்கை இன்ன நாள் வாங்கினன் எண்டு ஒப்பம் வெச்சுத் தாங்க.”

அவர் அண்ணனைப் பார்த்தார். துவக்கின்மேல் அவருக்கே ஒரு கண் இருந்தது ஊருக்கெல்லாம் தெரிந்த விசயம். அண்ணன் சத்தம் போட்டான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் ‘கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பொம்புளப்புள்ள துவக்கோட திரிஞ்சா ஊர் என்ன சொல்லும்? குடுத்துத் துலை கா!”

“ஊர் என்ர வட்டைக்குக் காவல் நிண்டா நான் குடுக்கிறன்” என்றேன்.

அக்கரை வயல்வெளியான அந்த வட்டையில் இருந்த வயல் என் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். அண்ணன் விதைப்பைப் பார்த்துக்கொடுத்தான் என்பதற்காக அது அவனுடையதாகிவிடாது. வந்த இருவரும் வெறுங்கையோடு போனார்கள். நான் அன்றைக்கே லைசனை என் பெயருக்கு மாற்றித் தரும்படி அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிப் போட்டேன். இரண்டு மாதமாக ஒரு பதிலும் இல்லை.

அதற்குள் நெல் அறுக்கும் வேளாண்மை வெட்டு வந்துவிட்டது. வாவியைத் தோணியில் தாண்டிப் படுவான்கரைக்குப் போனேன். துவக்கை இடுப்பில் சேலைக்குள் கட்டிக்கொண்டுதான் போனேன். மறைக்கவில்லை, மழைக்குப் பயந்து மூடினேன், அவ்வளவுதான்.

வெட்டின் இரண்டாம் நாள் காலை. வெட்டுக்கு வந்திருந்த அண்ணன் தன் நெடுந்துவக்கால் ஒரு தனியன் பன்றிக்குச் சுட்டுவிட்டான். சின்னக் குண்டுகள் பன்றியின் தோலில் குத்தியதே ஒழிய உள்ளே போகவில்லை. வெறி பிடித்த பன்றி வரம்போரப் பற்றைக்குள் புகுந்தது. அந்தப் பற்றைக்கு இந்தப் பக்கம் பெண்கள் நின்று கதிர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அடுத்த தோட்டாவைத் தேடி மடியைத் துழாவும்போதே பன்றி வெளியே பாய்ந்துவிட்டது. ஒரு பெண்ணின் தொடையைக் கிழித்து அவளைச் சேற்றில் தள்ளிவிட்டு, திரும்ப அவள்மேலேயே வந்தது.

நான் பத்து எட்டு வைக்கும் தூரத்தில் நின்றேன். முதல் குண்டு சேற்றில் போனது. இரண்டாவது தோளில் பட்டது. பன்றி முன்காலில் விழுந்து, எழும்பி, என் பக்கம் கிறுகியது. மூன்றாவதை அதன் மூச்சு கேட்கும் தூரத்தில் வைத்துச் சுட்டேன். அது என் காலடிக்கு ஒரு முழம் முன்னால் சரிந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் கச்சேரியில் இருந்து ஆள் வந்தது. லைசன் இல்லாமல் துவக்கு வைத்திருந்தேன், சுட்டேன், வீட்டில் தோட்டா செய்கிறேன் என்று விதானையார் முறைப்பாடு எழுதியிருந்தார்.

கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, துவக்கையும் நான் அடைத்த ஆறு தோட்டாவையும் பிரப்பம் பெட்டியில் வைத்து நானே கொண்டுபோனேன். கச்சேரிக்கு மேலான வெள்ளைக்காரத் துரை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல முதலியார் பதவியில் இருந்த ஒருவர் நின்றார்.

“சுட்டது உண்மையா?”

“ஓம், உண்மை. மூண்டு வெடி.”

முதலியார் குரலைத் தாழ்த்தினார். “தெரியாமச் செய்துபோட்டன் எண்டு சொல்லு புள்ள. துரை விட்டிருவார்.”

“தெரிஞ்சுதான் சுட்டன். நான் சொன்னத அப்படியே சொல்லுங்க ஐயா.”

துரை கேட்டுவிட்டுத் துவக்கை எடுத்துத் திறந்து பார்த்தார். பெண்ணுக்கு இந்தத் துவக்கு எதற்கு, நெடுந்துவக்கு ஒன்று போதாதா என்றார். சேற்றில் ஒரு கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நெடுந்துவக்கைத் தோளில் ஏற்றுவதற்குள் பன்றி வந்துவிடும் என்றேன். அவர் எழுந்து, வெளியே வரச் சொன்னார்.

மண்மேட்டில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்தார்கள். இருபது எட்டு வைக்கும் தூரம். கச்சேரியில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். துரை தான் கடையில் வாங்கிய தோட்டாக்கள் ஆறை நீட்டினார்.

“என்ர தோட்டாவாலதான் சுடுவன்” என்றேன். முதலியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து வெடியில் நான்கு தகரத்தில் பட்டன. ஆறாவது வெறுமனே டிக் என்றது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் அசையவில்லை. சில தோட்டா பிந்தித்தான் வெடிக்கும். குழலை மண்மேட்டுக்கே பிடித்தபடி மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். யாரோ “பயந்திட்டா” என்றார்கள். முப்பது எண்ணி முடித்த பிறகுதான் துவக்கைத் திறந்து அந்தத் தோட்டாவை எடுத்தேன். கேப்பு சரியாக உள்ளே இறங்கியிருக்கவில்லை.

துரை அதை வாங்கிப் பார்த்தார். வீட்டில் செய்த தோட்டாவை நம்ப முடியாது என்பதற்கு இதுவே சாட்சி என்றார்.

“கடைத் தோட்டாவும் வெடிக்காமப் போறதுதான். அது ஏன் போனதெண்டு கடைக்காரன் சொல்லமாட்டான். இது என்ர பிழை. கேப்ப மட்டாக அழுத்தல்ல. அடுத்ததில அந்தப் பிழை இராது.”

முதலியார் இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். துரையின் மீசை அசைந்தது. வெடிக்காத துவக்கை எண்ணிக்கொண்டுதான் பிடிக்கவேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும், எத்தனை எண்ணினாய் என்று மட்டும் கேட்டார். முப்பது என்றேன். உள்ளே போய் விதானையாரின் முறைப்பாட்டின்மேல் ஏதோ குறுக்கே எழுதிக் கையெழுத்து வைத்தார். தோட்டா செய்வதற்கும் சேர்த்தே அனுமதி தந்தார்.

லைசனை எழுதிய கிளாக்கர் என் கணவரின் பெயரைப் போட்டு, அவருடைய விதவை என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ர பேர எழுதுங்க” என்றேன்.

“இப்படித்தான் பொம்புளயளுக்கு எழுதுற வழக்கம்.”

“இதுக்கு முந்தி எத்தின பொம்புளைக்கு எழுதினீங்க?”

ஒருவருக்கும் எழுதியதில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். என் பெயரை, என் பெயரை மட்டும், முழுதாக எழுதினார்.

அண்ணன் இரண்டு வருடம் என் வாசல்படி மிதிக்கவில்லை. மூன்றாம் வருடம் அவன் பெண்சாதியின் சீதன வயலில் பன்றி இறங்கியபோது ஆள் அனுப்பினான். ஆளோடு போகமாட்டேன், அவனே வந்து கூப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அவனே வந்தான். முற்றத்தில் நின்றுகொண்டு, “வா கா” என்று மட்டும் சொன்னான். போனேன்.

ஜப்பான் சண்டைக் காலத்தில் எல்லாரும் துவக்கை ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. விதானையாரிடம் கொடுக்காமல் பஸ் ஏறிக் கச்சேரிக்கே கொண்டுபோய்க் கொடுத்து ஒப்பம் வாங்கிக்கொண்டேன். சண்டை முடிந்து திரும்ப வாங்கும்போது குழலுக்குள் துரு ஏறிக் கிடந்தது. தேங்காயெண்ணெயும் துணியுமாக ஒரு வாரம் தேய்த்தேன். இதற்குமேல் இதைச் சுடமுடியாது என்று ஏறாவூர்க் கருமார் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் அடைத்துவைத்த ஆறு தோட்டாவோடு வாவிக்கரைக்குப் போய் ஆறையும் சுட்டேன். ஆறும் வெடித்தன.