காலால் எண்ணிய வெடி

அன்றைக்குக் குவாரியில் இருந்தவர்கள்: வெடி வைக்கிற அண்ணன். மேஸ்திரி. லோடர் ஓட்டுகிற பாய். பாறையில் குழி போடுகிற அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஆறாவது ஆள் நான்.

என் வேலை சிவப்புக் கொடி பிடிப்பது. வெடி வைக்கும்போது ஆடோ ஆளோ கிட்டே வரக் கூடாது. கொடி இறங்கினால்தான் உள்ளே போகலாம். அஞ்சாவதோடு நின்ற எனக்கு அது போதும்.

நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எத்தனை குழிக்கு மருந்து போட்டார்களோ அத்தனை பொடிக் கல்லை இடது கையில் எடுத்துக்கொள்வேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். முதல் வெடியிலேயே காது அடைத்துக்கொள்ளும், அதை நம்ப முடியாது. தரை ஒவ்வொரு வெடிக்கும் உள்ளங்காலில் ஒரு உதை விடும். ஒரு உதைக்கு ஒரு கல் மடிக்குப் போகும். கை காலியானால்தான் கொடியை இறக்குவேன்.

முதலில் சிரித்தார்கள். “இன்னாக்கா, கோயிலுக்கு வந்தவளாட்டம் செருப்ப கழட்டிட்டு நிக்கிற?” என்பான் குழி போடுகிற தம்பி. நான் கல்லை எண்ணிக்கொண்டிருப்பேன். ரெண்டு வருஷம் ஒரு நாளும் விடவில்லை, காய்ச்சலிலும் விடவில்லை. அப்புறம் மேஸ்திரி வேறு யாரையும் கேட்பதை நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பி, “எத்தினி?” என்பார். அவ்வளவுதான்.

அன்றைக்கு எட்டுக் குழி. உச்சி வெயில். அண்ணன் திரிகளைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்தார். ஆறு பேரும் பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

வெடித்தது. ஏழு உதை, ஏழு கல். கொஞ்சம் விட்டு இன்னொரு சத்தம். எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். ஆனால் தரை சும்மா இருந்தது. கையில் ஒரு கல் மிச்சம்.

“எட்டு. முடிஞ்சிச்சி,” என்று அண்ணன் எழுந்தார். முதலில் போய்க் குழிகளைப் பார்ப்பது அவர்தான்.

“ஏழுண்ணா.”

“எல்லாருக்கும் எட்டு, ஒனக்கு மட்டும் ஏழா? காது போச்சா?”

“காதுல எட்டுதாண்ணா. கால்ல ஏழு.”

“கேட்டியா பாய்? இதுக்குக் காலு கேக்குதாம்.”

பாய் சிரிக்கவில்லை. “கொடி இன்னும் மேலதான இருக்குது,” என்றார்.

அண்ணன் அதற்குள் பத்தடி போய்விட்டார். “கொடிய எறக்குமா, பசிக்குது!” என்று கத்தினார். நான் இறக்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

“எத்தினி?”

“ஏழு.”

“யோவ், திரும்பி வாய்யா.”

முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

தூசி அடங்கியது. வெடித்தால் கத்திக்கொண்டு சுற்றும் காக்கைகள் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. காற்று நின்றுவிட்டது. தூரத்தில் கோட்டை மலை வெயிலில் அசைகிற மாதிரி இருந்தது. காது அடைப்பு விட்டதும் பக்கத்து ஆள் மூச்சு விடுவது கேட்டது.

எனக்கே பயம் வந்தது. எடுத்தது எட்டுதானா, தப்பாக ஒன்பது எடுத்துவிட்டேனா? மடியைத் தடவி எண்ணினேன். ஏழு. கையில் ஒன்று, வேர்வையில் நனைந்துபோய். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடைசிச் சத்தம் குழிகள் பக்கமிருந்து வரவில்லை. எங்கள் முதுகுப் பக்கம், ஒன்றுமில்லாத பொட்டலில் இருந்து வந்தது.

தம்பி சோத்து டப்பாவைத் திறந்தான். உள்ளங்காலில் உதை விழுந்தது.

ஆள் உயரக் கல் ஒன்று எழும்பி, அண்ணன் எப்போதும் முதலில் போய் நிற்கிற இடத்தில் விழுந்தது. அப்புறம் டப்பா மூடி உருளுகிற சத்தம் மட்டும்.

கடைசிக் கல்லை மடியில் போட்டேன். கொடியை இறக்கினேன். அண்ணன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு திரி நமுத்துப்போய் மெதுவாக எரிந்திருக்கிறது என்று பிறகு அண்ணன் சொன்னார். மறுநாள் பொட்டலைப் பார்த்துக் கூவினார், தகர டின்னைத் தட்டினார். எதிரொலி வருகிறதா என்று பார்த்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறார்.

தொண்டூர் பக்கம் இன்னொரு குவாரியில் கொடிக்கு ஆள் தேடினபோது, “கால்ல எண்ணுமே, அந்தப் பொம்பளய கூப்புடு,” என்றார்களாம். நான் போகவில்லை. இங்கேயே இருக்கிறேன். அந்தச் சத்தத்தைப் பற்றி ஆறு பேரும் பேசுவதில்லை.

எட்டுக் குழி. மடியில் எட்டுக் கல். காதில் விழுந்தது ஒன்பது.